பெயர் எழுதாத டப்பாக்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையைப் பாதியாக உடைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

எங்கள் கடையில் இறைச்சியைப் புகைபோட, மரத்தூளை அழுத்திச் செய்த துண்டுகளை எரிப்போம். ஆப்பிள், செர்ரி, ஓக் என்று எந்த மரமானாலும் பார்வைக்கு ஒன்றுதான், வாசம்தான் வேறு. டப்பாவில் பெயர் எழுத முதலாளி விடமாட்டார். அடுத்த கடைக்காரன் பார்த்துக் காப்பியடித்துவிடுவானாம். முகர்ந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை.

காய்ச்சலோடு மோப்பமும் போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நேற்று கோழிக்கு ஆப்பிள் என்று நினைத்து வேறெதையோ போட்டுவிட்டேன். அத்தனையும் கசப்பு.

"என்னம்மா, மூக்கைக் கழட்டி வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மருந்துக்கடைக்காரரிடம் இதற்கு ஏதாவது உண்டா என்று கேளுங்கள், பக்கத்து வீட்டுக்கு என்று சொல்லி. அங்கே ஊரில் இருக்கும் உங்கள் மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். அறையில் இப்போது அடுப்புப் பற்றவைப்பதில்லை. தீய்ந்தாலும் தெரிவதில்லை, சொல்லவும் ஆளில்லை.

இன்று ஒரு கல்யாண விருந்துக்கான இறைச்சி வருகிறது. இன்னொரு தடவை கசந்தால் வேலை போய்விடும். டப்பாக்களைத் திறந்துவைத்து, "மோந்து சொல்லு" என்பார் முதலாளி. இறைச்சி வண்டி வந்துவிட்டது, அம்மா. ஏதாவது ஒன்றைக் கைகாட்டத்தான் போகிறேன்.

உங்கள் மகள்