முசுட்டைத் தாளில் விசாலாட்சி

மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மக்டலீனுக்கு,

சோபிகா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். நீயும் செபஸ்ரியன் அண்ணாவும் சுகந்தானே. தட்டச்சு செய்யப் பொறுமை இல்லாமல் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். எழுத்துக் கோணினால் திட்டாதே.

உன் விசாலாட்சி ரீச்சர் அகப்பட்டுவிட்டா.

போன கடிதத்தில் நீ, 'ரீச்சரின் வாழ்க்கை வரலாற்றுக்குப் பதிப்பாளர் ஆதாரம் கேட்டுக் கேட்டு நான் களைத்துவிட்டேன், அவ எழுத்தாளர், ஆசிரியை என்பதோடு நிறுத்தி, அவ செடிகளை ஆராய்ந்ததைச் சொல்லும் அத்தியாயத்தை நீக்கச் சம்மதித்தேன், வெள்ளிக்கிழமை அச்சு' என்று எழுதியிருந்தாய். அதை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் தாவரக் காப்பகத்தில் உலர்ந்த செடிகள் ஒட்டிய பழைய தாள்களைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுகிறவள் அல்லவா. நேற்று யாழ்ப்பாணக் கட்டு ஒன்று வந்தது. சேகரித்தவர் திரு. கதிர்காமத்தம்பி என்று பட்டியல் சொன்னது. உன் ரீச்சரின் அப்பா பேரல்லவா அது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே ஆஸ்பத்திரியில் அப்பாவின் பேரைச் சொல்லி 'இரத்தினவேல்' என்று கூப்பிட, இருபது வருடமாக எழும்பிப் போகிறவள் நான். அப்பாவின் பேர் முன்னால் நின்றால் இவர்களுக்கு அதுதான் ஆள்.

செடியும் பக்கத்தில் அதன் படமும் இருந்த முதல் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் தமிழில் இருந்தது: "கதிர்காமத்தம்பி மகள் விசாலாட்சி, உபாத்தியாயினி. 1884 தை. முசுட்டை. பூ மாலையில் விரியும், வெயில் ஏற வாடும். நானே பறித்து நானே வரைந்தது."

ரீச்சர் யாருடைய செடிப்படங்களைப் பார்த்து வரைந்தா என்கிறார்களோ, அந்த வெள்ளைக்கார மிஷன் துரைசானி யாழ்ப்பாணத்தில் கால் வைத்தது 1887இல் என்று நீதானே சொன்னாய். பிறகு எப்படி அவவைப் பார்த்து இவ கொப்பியடித்திருப்பா? எங்கள் பொறுப்பாளர் இங்ரிட்டிடம் ஓடினேன். அவ கண்ணாடியைத் துடைத்துவிட்டு, இப்படி எத்தனை தாள் என்று கேட்டா. நாற்பத்தொன்று. இன்று காலை பட்டியலில் 'விசாலாட்சி' என்று நானே திருத்தினேன். சந்தோஷத்தில் வீடு திரும்பும்போது இரயிலில் இறங்க மறந்துவிட்டேன். நல்லகாலம், மோர்டென்ஸ்ருட் கடைசித் தரிப்பு.

படங்கள் எல்லாம் இத்துடன் வருகின்றன. உடனே பதிப்பாளரிடம் போ. அந்த அத்தியாயத்தைத் திரும்பச் சேர்க்கச் சொல். அவர் முணுமுணுத்தால் என் தொலைபேசி இலக்கத்தைக் கொடு, நாற்பத்தொரு தாளையும் வாசித்துக் காட்டுகிறேன்.

அழாதே, மக்டலீன். ஒன்பது வருடம் அவவை நம்பியது நீ ஒருத்திதான். நானும் உன் மனம் நோகக்கூடாதென்றுதான் தலையாட்டினேன். மன்னித்துக்கொள். இனி நாங்கள் இரண்டு பேர்.

கடவுள் உன் கையைப் பிடித்து நடத்தட்டும்.

உன்
சோபிகா