கீத பவனி போகாத வீடு

9-1-1966, ஞாயிறு இரவு

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஞானம்மாக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். கிறிஸ்துமஸ் கீத பவனியில் தாராவி முழுக்க வீடு வீடாகப் பாடினோம். மான்குர்த் தூரம் என்று அவள் வீட்டை மட்டும் விட்டுவிட்டோம். படுக்கையில் கிடக்கும் அவள் வீட்டுக்காரர், நாங்கள் வருவோம் என்று அன்று விடியும்வரை கதவைச் சாத்தவே விடவில்லையாம்.

"இப்பம் வந்து ஒரு பாட்டு பாடிட்டுப் போயேன், தம்பி."

"கிறிஸ்மஸ்தான் முடிஞ்சிட்டேக்கா. அடுத்த தடவ முதல்ல உங்க வீட்டுக்குத்தான்."

"எங்க வீட்டுக்குக் கிறிஸ்மஸ் இன்னும் வரவே இல்லியே. வாசல்ல ஸ்டாரைக் கூட அவுக கழத்த விடல."

குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அடுத்த தடவை என்று அந்த மனிதரிடம் எந்த முகத்தோடு சொல்லியனுப்பினேன்? ஆர்மோனியமும் கூட்டமும் இல்லாமல் தனியாகப் பாட வெட்கம், அவ்வளவுதான். காலையில் ஜெபத்தில், "என்றைக்கும் எங்களோடிருக்கிற ஆண்டவரே" என்று சத்தமாகச் சொன்னதும் நான்தான்.

நாளை வேலை விட்டதும் மான்குர்த்துக்கு ரயில் ஏற வேண்டும். வீடு எனக்குத் தெரியாது. யாரையும் கேட்க வேண்டியிருக்காது. ஸ்டார் தொங்கும் வாசல் இனி அங்கே ஒன்றுதான் இருக்கும்.