பேனரில் வைத்த பந்து

செப். 4, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை. மோட்டார் ரிப்பேர், எலக்ட்ரீஷியன் இன்றும் வரவில்லை.

சேது சனிக்கிழமை வருகிறான். அண்ணன் மகன், அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவன். அந்த ஊர் ஃபுட்பால் ஆட்டக்காரன். காலால் உதைக்கிற பந்து இல்லை, கையால் வீசுகிறது. அதுவே தொழிலாகப் பத்து வருஷம். போன வாரம் டீமிலிருந்து நீக்கிவிட்டார்கள். முழங்கால்.

போனில் சொன்னான்: "பத்து வருஷமா என்ன பண்ணேன்னே தெரியல அத்தை. ஒரு பாயின்ட்கூட எடுத்ததில்ல."

அடுப்பை அணைத்துவிட்டு லிஸ்ட் எழுத உட்கார்ந்தேன்.

வாங்க: முட்டை 60. ஐஸ் வைக்கப் பை. கட்டிலுக்கு இன்னொரு பலகை (140 கிலோ, இருக்கிறது தாங்காது).

செப். 5, வெள்ளி

புழுக்கம். கபடி கிளப்காரர்கள் ஞாயிறு சாயங்காலம் சேதுவுக்குப் பாராட்டு விழா வைக்கிறார்கள். சந்தோஷம்தான். பஸ் ஸ்டாண்ட் எதிரில் பேனர் பார்த்தேன். இருபது அடி. "அமெரிக்காவை அலறவிட்ட கோல் மன்னனே வருக!" சேது கையில் ஒரு பந்து.

நேரே ஃப்ளெக்ஸ் கடை செல்வத்திடம் போனேன்.

"யாரு வச்சது பந்த?"

"நான்தான் டீச்சர். கை சும்மா இருந்துச்சு. பந்து இல்லன்னா பிளேயர்னு யாரு நம்புவா?"

"அவன் பந்தத் தொடவே மாட்டான்யா!"

"அப்ப என்னதான் பண்ணாரு?"

விளக்கினேன். பந்து வீசுகிறவர் பின்னால் நிற்பார். அவரைச் சாய்க்க எதிரணி பாய்ந்து வரும். சேதுவும் இன்னும் நாலு பேரும் குறுக்கே நின்று மறிக்க வேண்டும். பிடித்து இழுக்கக் கூடாது. தள்ளலாம். செல்வம் தலையைச் சொறிந்தார்.

"தேருக்குக் கட்டை போடுறவரு மாதிரியா?"

"ஆமா. கட்டை இல்லாம தேரை இழுத்துப் பாரு, தெரியும்."

"அவரு படத்த யாரு டீச்சர் பேனர்ல போடுறா?"

இவருக்கே புரியவைக்க முடியாவிட்டால், முப்பது வருஷம் பி.டி. டீச்சராக இருந்து என்ன புண்ணியம். கோபம் கோபமாக வந்தது. பொய்ப் பந்து வைத்தால், அவன் செய்தது போதாது என்று நாமே சொன்ன மாதிரி. "விழா முடியட்டும், பாப்போம்" என்று அனுப்பிவிட்டார்.

அங்கே திங்கள் ராத்திரி ஆட்டம் நமக்குச் செவ்வாய் காலை. இட்லிப் பானையை ஏற்றிவிட்டு டிவி முன் உட்கார்வேன். கேமரா பந்தோடு ஓடிவிடும். அதற்கு முந்தின மூன்று நாலு விநாடி எனக்கு. அவன் முதுகையே பார்ப்பேன்.

செப். 6, சனி

நல்ல வெயில். வந்துவிட்டான். லேசாக நொண்டுகிறான். என் காலைத் தொடக் குனிந்தான், முழங்கால் மடங்கவில்லை. "இருடா, போதும்."

பதினாலு இட்லி. கட்டில் தாங்கியது.

வரும்போதே பேனரைப் பார்த்திருக்கிறான். "நல்லாருக்கு அத்தை, அப்படியே இருக்கட்டும். உண்மையச் சொன்னா யாருக்குப் புரியும்?"

"வாய மூடு. உனக்கே வெட்கமா இருந்தா, நான் பத்து வருஷம் பார்த்ததுக்கு என்ன அர்த்தம்?"

ரொம்பத்தான் திட்டிவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். மனசு கேட்கவில்லை, மறுபடி காபி போட்டுக் கொடுத்தேன்.

செப். 7, ஞாயிறு

நாலு மணிக்குத் தூறல், உடனே விட்டது. சால்வை பதினொன்று. பேச்சு, பேச்சு. கடைசியில் யாரோ கேட்டார்: "தம்பி, மொத்தம் எத்தன கோலு?"

மைக் சேது கையில். என்னைப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லீங்க. நான் பந்தத் தொட்டதே இல்ல."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அத்தை, இங்க வந்து உக்காருங்க." மைதானத்து நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எனக்கு முன்னால் அவன். கபடி டீமைக் கூப்பிட்டான். "அஞ்சு எண்ணுறதுக்குள்ள அத்தையத் தொடுங்க பாப்போம்."

முதலில் ஒருத்தன். ஊரே எண்ணியது. முடியவில்லை. இன்னொருத்தன், இடப்பக்கமாக வளைந்து. முடியவில்லை. பிறகு இரண்டு பேர் ஒன்றாக. "டேய், கால்!" என்று கத்தினேன், காதிலேயே விழவில்லை. ஒருத்தனைத் தோளால், ஒருத்தனைக் கையால். மூணு, நாலு, அஞ்சு! என் சேலை நுனிகூட ஒருத்தனுக்கும் கிடைக்கவில்லை. "யப்பா, செவுருய்யா!" என்று கூட்டத்தில் செல்வம் குரல்.

எனக்கு எதிரில் அவன் முதுகு மட்டும். டிவியில் பார்த்த அதே முதுகு. பெருமை தாங்கவில்லை, அழுதுவிட்டேன். ஊர் பார்த்தது. பார்க்கட்டுமே.

செப். 8, திங்கள்

முழங்கால் நேற்றே வீங்கிவிட்டது. ராத்திரி ஐஸ் வைத்துக்கொண்டே திட்டினேன்.

"வலிக்குதாடா?"

"வலிக்குது அத்தை. பரவால்ல."

விழாவுக்கு எடுத்த வாடகை நாற்காலி எல்லாம் திருப்பிக் கொடுத்தாச்சு. எலக்ட்ரீஷியன் வந்தார், மோட்டார் ஓடுகிறது.

காலையில் எழுந்தால் ஆளைக் காணோம். இந்தக் காலை வைத்துக்கொண்டு எங்கே போனான் என்று பதறிப்போய் பஸ் ஸ்டாண்ட் வரை போனேன். பேனர் உயரத்தில் செல்வம், ஏணி மேல். பந்தின்மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துக்கொண்டிருந்தார்.

"கை சும்மாவே இருக்கட்டும் டீச்சர்" என்றார் மேலேயிருந்து.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு சேது.