பாரணைக்கு வராத சூரியன்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முட்டி வலி தேவலையா? நான் சௌக்கியம், படித்துவிட்டுப் பதறாதே.

வந்ததிலிருந்து இங்கே வெயிலையே காணோம். மத்தியானம் கொஞ்ச நேரம் மங்கலாக வெளுப்பதோடு சரி; மேகமூட்டம் என்றிருந்தேன். நீ சொன்னபடி ஏகாதசிக்குப் பட்டினி இருந்தேன். மறுநாள் சூரியன் உதித்த பிறகுதானே பாரணை செய்து சாப்பிட வேண்டும்? சோறு வடித்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வேலைக்குக் கிளம்பும் நேரமாகியும் கும்மிருட்டு. கூடத் தங்கியிருக்கும் வெல்டர் அண்ணன் பூட்ஸ் மாட்டிக்கொண்டே கேட்டார்: "யாருக்குடா காத்துக்கிட்டிருக்க?"

"சூரியனுக்குண்ணே."

"அது இனிமே தை பொறந்தாதான்டா வரும்! வடதுருவத்துப் பக்கம்ல, இந்த ஊர்க் குளிர்காலம் அப்படி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஏஜெண்ட் பாவி ஒரு வார்த்தை சொல்லவில்லையே! என்னை விடியாமூஞ்சி என்று திட்டுவாயே, இது விடியாத ஊர் அம்மா! உன் பஞ்சாங்கப்படி நான் இன்னும் ஏகாதசியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். தை வரைக்கும் பட்டினி கிடக்க முடியுமா? அங்கே உனக்கு விடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டேன். சோறு ஆறிப்போயிருந்தது.

நாள் பார்க்க அனுப்புகிறேன் என்றாயே, அந்தக் காலண்டரை அனுப்பாதே. தினமும் வெளிச்சம் வந்ததும் எனக்குப் போன் போட்டு, "விடிஞ்சிடுச்சுடா" என்று மட்டும் சொல். எனக்கும் நாள் பிறந்துவிடும்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது.

உன் மகன்