மூச்சடக்கத் தெரிந்தவன்

வெள்ளி, இஷா தொழுகைக்குப் பின், ஆஸ்பத்திரி வார்டில்

பேசினால் நெஞ்சு குத்துகிறது. அதனால் எழுதுகிறேன்.

சிறுவயதிலிருந்தே மூச்சடக்கிக் கடலில் சுழியோடுபவன் நான். காற்றுச் சிலிண்டர் கட்டி இறங்கியது இன்றுதான் முதல் தடவை. இறக்கியவன் என் மனைவியின் தம்பி நஸார். வெள்ளைக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போவதுதான் அவன் தொழில். சிலிண்டரோடு இறங்க வேறென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று படகில் வைத்தே கேட்டேன்.

"ஒங்களுக்கு என்னத்தப் படிச்சிக் குடுக்கிற மச்சான்? நீங்க கடல்லயே பொறந்த ஆள்" என்று சிரித்தான். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

கடலடியில் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. பயத்தில், பழக்கதோஷத்தில், மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தேன். படகைப் பிடித்ததும் இரத்தமாக இருமினேன்.

"சிலிண்டர் காத்த உள்ள அடக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிரும். இத ஒங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லயா?" என்று டொக்டர் கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் நஸார் முந்திக்கொண்டான். "சொல்லித்தான் எறக்கின டொக்டர். மச்சான்தான் கேக்கல்ல."

மனைவி அதை நம்பிவிட்டாள். "தம்பி சொன்னதக் கேட்டிருக்கலாமே" என்று அழுதுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

ஆண்கள் வார்டு. துணைக்கு நஸார்தான் நிற்கிறான். என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருக்கிறான். நிம்மதியாக மூச்சு விடுகிறான்.