மூழ்கிய கப்பலின் பம்பு

இன்று காலை உக்கடம் கடையில் ஒரு பழைய கிணற்று மோட்டாரைப் பிரித்தேன். துருவும் தேங்கிய தண்ணீரும் கலந்த வாடை குப்பென்று வந்தது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். உங்களோடு கடைசியாகச் சுற்றிப் பார்த்த இடத்திலும் இதே வாடைதான்.

தொண்ணூறுகளின் கடைசியில், பம்புசெட்டுக் கம்பெனி தன் டீலர்களையெல்லாம் சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பலில் ஏற்றியது. காங்கேயத்துக்கு நீங்கள், உக்கடத்துக்கு நான். கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அறியாத கூட்டம் நாம். மூன்றாம் நாள் மலேசியக் கரையில் நிறுத்தி, கப்பல் மியூசியத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

உள்ளே, மூழ்கிய கப்பல்களிலிருந்து எடுத்த சாமான்கள். நின்றுபோன கடிகாரம், ஒற்றைச் செருப்பு, செத்தவர்களின் பெயர்ப் பட்டியல். நம் ஆட்கள் சளசளவென்று பேசிக்கொண்டே கடந்து போனார்கள். நீங்கள் மட்டும் ஒரு கைப்பம்பின் முன் நின்றுவிட்டீர்கள். கப்பலுக்குள் புகுந்த தண்ணீரை இறைத்து வெளியே தள்ளுகிற பம்பு. மோட்டார் சூடு பார்ப்பது மாதிரி அதன்மேல் கை வைத்து, "கடைசி வரைக்கும் அடிச்சிருக்காங்க. தண்ணி நிக்கலீங்க" என்றீர்கள்.

அத்தனை ஏசியிலும் உங்கள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இடது கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"ஏனுங்க, நம்ம கப்பல்ல டாக்டர் இருக்காருங்க. போய்ப் பாத்துப்போடலாமுங்க."

"வெறும் வாயுத் தொல்லைங்க. கம்பெனிக்காரங்க இத்தனை பாடுபட்டுக் கூட்டியாந்திருக்காங்க. நோவுன்னு போய் நின்னா அவங்களுக்குச் சங்கடமில்லீங்களா? ஊட்டுலயும் சொல்லிப்போடாதீங்க."

அழைத்து வந்தவர் மனம் கோணக் கூடாது. நம் ஆட்களுக்கு உயிரைவிட அது பெரிது. அத்தனை வருடப் பழக்கத்தில் உங்களை ஒருமுறைகூட மறுத்துப் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை.

துறைமுகத்து டெலிபோனில் வீட்டுக்குப் பேசினீர்கள். உங்கள் மனைவி என்னிடமும் பேச வேண்டும் என்றதும், ரிசீவரை நீட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

"அவரு நல்லா இருக்காருங்களா அண்ணா?"

"நல்லா இருக்காருங்க அம்மணி."

அதைச் சொல்லும்போது உங்கள் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கறுத்துப் போயிருந்தது.

மீதி நாட்களில், கம்பெனிக்காரர்கள் மேஜைப் பக்கம் வந்தபோதெல்லாம் சிரித்தீர்கள். அவர்கள் நகர்ந்ததும் தட்டைத் தள்ளி வைத்தீர்கள். ஊர் வந்து சேர்ந்ததும் உங்களைக் காங்கேயம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக, "போயிட்டு வாரனுங்க" என்றீர்கள். தூங்குகிறார் என்று நினைத்து, காங்கேயம் போய்த்தான் கண்டக்டர் உங்கள் தோளைத் தட்டினாராம்.

உங்கள் வீட்டுக்கு இப்போதும் போகிறேன். "கடைசியா நீங்க கூட இருந்தீங்களே, அந்த நிம்மதி போதுங்கண்ணா" என்று சொல்லித்தான் அம்மணி காபி தருகிறார். நானும் வாங்கிக் குடித்துவிட்டு வருகிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. என் மேல் அதைவிட அதிகம். அன்றைக்கு மரியாதையைத் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லோருக்கும் முன்னால் உங்கள் சட்டையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போயிருக்க வேண்டும். என்னோடு பேச்சையே விட்டிருப்பீர்கள். விட்டால் விட்டுப் போகிறது. காங்கேயத்தில் உட்கார்ந்து இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.