வராத பரீட்சைக்குப் போட்ட சைபர்

நண்பரே,

நீர் கொடுத்த சங்கு என் மேசைமேல் இருக்கிறது. அதன் கீழே மூன்று நாட்களாக ஒரு கடிதம். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான தனி வகுப்பை மறுபடி தொடங்கலாமா என்று நம் பள்ளியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். 'வேண்டும்' என்று எழுதினேன், கிழித்தேன். 'வேண்டாம்' என்று எழுதினேன், அதையும் கிழித்தேன்.

நாம் இருவரும் அங்கே வாத்தியார்களாக இருந்த யுத்த காலத்தில் அந்த வகுப்புக்காக வாதாடியவரே நீர்தான். எல்லோருக்கும் முன்பே கணக்கை முடித்துவிட்டுச் சன்னல் வழியே தோணிகளைப் பார்த்துக்கொண்டிருப்பானே அந்தோணி, அவனுக்காகத்தான். "சும்மா இருந்தே அவன் மூளை துருப்பிடிச்சிரும்வே" என்றீர்.

பட்டியல் போடும் வேலை எனக்கு வந்தது. நான்கு பரீட்சை மதிப்பெண்களைக் கூட்டி, நான்கால் வகுத்து, கோடு போட்டு எழுதினேன். பன்னிரண்டு பெயர்கள். அந்தோணி இல்லை. சங்கு குளிக்கும் பருவத்தில் அப்பாவின் தோணியில் கயிறு பிடிக்கப் போனவன், இரண்டு பரீட்சைக்கு வரவில்லை. வராததற்குச் சைபர் போட்டிருந்தேன்.

நீர் சிரித்தீர். "சின்னச் சங்கைக் கழிக்கவன்கூட அதைக் கையில எடுத்து, அளவு வளையத்துல விட்டுப் பாத்துட்டுத்தான் கடல்ல போடுதான். நீரு வராத சங்கையே அளந்திருக்கீரே!"

"விதி அப்படித்தானே..."

"விதி எழுதுனவரு கடலுக்குப் போனாராக்கும்? பெரிய வாத்தியார்ட்ட போய்ச் சொல்லும்வே."

தலைமையாசிரியர் அறை வரை போனேன். உள்ளே அவர் இருமுவது கேட்டது. தட்டவில்லை. திரும்பி வந்து, "அவர் இல்லை" என்றேன். மறுநாள் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். ஈஸ்டருக்குப் பிறகு அந்தோணி பள்ளிக்கே வரவில்லை.

நான் ஓய்வுபெற்ற அன்று இந்தச் சங்கைக் கொடுத்து, "பட்டியல் பறக்காம இருக்கும்" என்றீர். கேலியா, மன்னிப்பா? அன்று தலைமையாசிரியர் உள்ளேதான் இருந்தார் என்பது உமக்குத் தெரியுமா? கேட்கத் துணிவதற்குள், போன ஐப்பசியில் நீர் போய்ச் சேர்ந்துவிட்டீர்.

அந்தப் பன்னிரண்டு பேரும் அந்த வகுப்பில் மலர்ந்தார்கள். அதனால் 'வேண்டாம்' என்றும் எழுத முடியவில்லை.

இன்று காலை எழுதிவிட்டேன்: வகுப்பு வேண்டும், கடலுக்குப் போன பிள்ளை திரும்பி வந்து பரீட்சை எழுதும்வரை பட்டியலை மூடக் கூடாது. அந்தோணிக்கு நான் செய்ததையும் மறைக்காமல் எழுதினேன். தபாலில் போட்டால் போதும். ஆனால் நேரில் கொண்டுபோகிறேன். அறை வாசல் வரை கால்கள் போய்விடும். அதற்கப்பால் என்னிடம் இருப்பது உம் குரல் மட்டுந்தான்:

"தட்டும்வே."